ஃபில்டரும் கரியும்: அணுவுலை விபத்துக்குப் பின் காற்றை அளப்பது

2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்கும் சுனாமிக்கும் பிறகு, ஃபுகுஷிமா மாகாணத்தில் இருந்த 24 நிலையான கதிர்வீச்சு அளவீட்டு நிலையங்களில் 23 செயலிழந்தன. சில அலையோடு போயின. மற்றவற்றுக்கு மின்சாரமோ தகவல் தொடர்போ இல்லை. ஆனால் அந்த 24-ம் வேலை செய்திருந்தாலும் ஒரு முக்கியமான கேள்விக்கு அவற்றிடமிருந்து நேரடியான பதில் கிடைத்திருக்காது: அந்த நாட்களில் அங்கிருந்த ஒரு குழந்தையின் மூச்சு வழியாக தைராய்டு சுரப்பியில் சேரும் கதிரியக்க அயோடின்-131 எவ்வளவு உள்ளே போனது?

அந்த நிலையங்கள் முதன்மையாக அளப்பது காமா டோஸ் வீதம், அதாவது காமா கதிர்களால் உடலுக்கு மணிதோறும் சேரும் டோஸ். மணிக்கு இத்தனை மைக்ரோ சீவர்ட் என்ற அந்த ஓர் எண்ணுக்குள் மூன்று சங்கதிகள் கலந்திருக்கும்: தலைக்கு மேலே நகரும் கதிரியக்க மேகம், நிலத்திலும் கூரையிலும் மரத்திலும் படிந்தது, எப்போதும் இருக்கும் இயற்கைப் பின்னணி. மேகம் 200 மீட்டர் உயரத்தில் போனாலும் கருவியின் எண் ஏறும், ஆனால் கீழே நிற்பவரின் மூச்சில் ஒன்றும் வந்திருக்காது. மழையோடு ஒருமுறை படிந்துவிட்டால், காற்று சுத்தமான பிறகும் எண் உயர்ந்தே நிற்கும். மூச்சு வழி வரும் டோஸைச் சொல்ல வேண்டுமென்றால், அளவு தெரிந்த காற்றை ஒரு ஃபில்டர் வழியாகவும் கரி வழியாகவும் இழுத்து, அதில் சிக்கியதை எண்ணியாக வேண்டும்.

அதையும் அன்றே செய்ய வேண்டும். மண்ணை ஆறு மாதம் கழித்தும் அள்ளலாம். சீசியம்-137-இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 30 ஆண்டுகள், அது அங்கேயே இருக்கும். காற்று கடந்துபோனால் போனதுதான். அயோடின்-131-இன் அரை ஆயுள் 8 நாள், 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். டெல்லூரியம்-132-க்கு 3.2 நாள், அயோடின்-133-க்கு 21 மணி நேரம். முதல் வாரத்தில் எடுக்காத சாம்பிளை எந்த ஆய்வகமும் பிறகு உருவாக்கித் தர முடியாது. ஆகவே பம்ப், ஜெனரேட்டர், ஃபில்டர், கரி அடைத்த கார்ட்ரிட்ஜ், பதிவேடு எல்லாம் விபத்துக்கு முன்பே ஒரே பெட்டியில் இருக்க வேண்டும்.

முதலில் அயோடின். குழப்பம் அதிகம் வருவது இதில்தான். சீசியம் தூசியோடு ஒட்டிக்கொண்டு வரும், நல்ல ஃபில்டரில் முழுக்கச் சிக்கிவிடும். அயோடின் மூன்று வடிவங்களில் வரும்: தூசியில் ஒட்டியது, தனிம ஆவி, மீத்தைல் அயோடைடு போன்ற கரிம வாயு. முதலாவது மட்டுமே ஃபில்டரில் நிற்கும். மற்ற இரண்டும் எவ்வளவு நுண்ணிய ஃபில்டரானாலும் கடந்துபோகும். ஃபுகுஷிமா மேகம் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தபோது அங்குள்ள நிலையங்கள் தூசியையும் வாயுவையும் தனித்தனியே அளந்தன. மொத்த அயோடின்-131-இல் முக்கால் பங்குக்கும் மேல் வாயுவாக இருந்தது. ஃபில்டரை மட்டும் வைத்திருந்தவர்கள் கால் பங்கைத்தான் பார்த்தார்கள். இன்றும் சில அறிக்கைகளில் அயோடின் அளவு எந்த வடிவம் என்று சொல்லாமலே வெளிவருகிறது. அப்படிப்பட்ட எண்ணை நான்கு மடங்கு வரை தவறாகப் படிக்க இடமிருக்கிறது.

வடிவம் தெரிய வேண்டியதற்கு இன்னொரு காரணம், டோஸ் கணக்கும் அதைப் பொறுத்து மாறும் என்பது. சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையத்தின் அட்டவணைப்படி, வயதுவந்தவர் மூச்சில் இழுக்கும் ஒரு பெக்கரல் (விநாடிக்கு ஓர் அணு சிதையும் அளவு) அயோடின்-131, தனிம ஆவியாக இருந்தால் 0.02 மைக்ரோ சீவர்ட் தரும். மீத்தைல் அயோடைடாக இருந்தால் 0.015, விரைவில் கரையும் தூசியாக இருந்தால் 0.0074. ஒரு வயதுக் குழந்தைக்கு ஆவி வடிவில் 0.16, அதாவது பெரியவரைப்போல் எட்டு மடங்கு.

வாயு வடிவத்தைப் பிடிக்க, ஃபில்டருக்குப் பின்னால் ஒரு கரி கார்ட்ரிட்ஜ் வைக்க வேண்டும். பரவலாகக் கிடைப்பது சுமார் 57 மில்லிமீட்டர் விட்டமும் 25 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள வட்டு. வெறும் செயல்படுத்திய கரி தனிம அயோடினை நன்றாகப் பிடிக்கும், மீத்தைல் அயோடைடை ஈரக் காற்றில் விட்டுவிடும். அதனால் டெடா எனப்படும் டிரைஎத்திலீன்டைஅமீன் ஊட்டிய கரியாக வாங்க வேண்டும். உறையைப் பிரித்துவிட்டால் கரி காற்றிலுள்ள ஈரத்தையும் பெயின்ட், பெட்ரோல் ஆவிகளையும் குடித்துப் பாழாகும். டீசல் டப்பா வைத்திருக்கும் அதே வண்டியில் திறந்த கார்ட்ரிட்ஜைப் போட்டுவைக்கக் கூடாது. உறையில் உள்ள காலாவதித் தேதி வெறும் சம்பிரதாயம் இல்லை.

கார்ட்ரிட்ஜின் பிடிப்புத் திறன், காற்று அதற்குள் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 50 லிட்டரில் நன்றாக வேலை செய்யும் கார்ட்ரிட்ஜ், நிமிடத்துக்குப் பல நூறு லிட்டர் இழுத்தால் மீத்தைல் அயோடைடில் பெரும்பங்கைத் தப்பவிடும். 'அதிகக் காற்று இழுத்தால் அதிக நுட்பம்' என்ற எண்ணம் தூசி ஃபில்டருக்குச் சரி, கரிக்குச் சரியில்லை. ஐயம் இருந்தால் இரண்டாவது கார்ட்ரிட்ஜை முதலாவதற்குப் பின்னால் வரிசையாக வைக்கலாம். இரண்டாவதில் அயோடின் தெரிந்தால் முதலாவது ஒழுகுகிறது என்று அர்த்தம். இன்னொன்று: ஃபில்டரில் பிடிபட்ட அயோடினில் ஒரு பகுதி, தொடர்ந்து காற்று ஓடும்போது ஆவியாகிக் கரிக்குப் போகலாம். அதனால் தூசி எவ்வளவு, வாயு எவ்வளவு என்ற பிரிவு ஒருபோதும் கத்தி வெட்டினாற்போல் துல்லியமாக இருக்காது. மொத்தத்தை நம்பலாம், பிரிவைச் சற்றுத் தளர்த்தியே படிக்க வேண்டும்.

கரிக்கு ஒரு பலவீனம் உண்டு. அது செனான்-133 போன்ற மந்த வாயுக்களையும் ஓரளவு பிடித்துவைக்கும். 1979-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டில் வெளியேறியது பெரும்பாலும் மந்த வாயுவே. கதிரியக்கத்தின் பழைய அலகான கியூரியில் சொன்னால், அயோடின்-131 சுமார் 15 கியூரிதான், மந்த வாயுக்களோ பல லட்சம் கியூரி. அங்கே கரி கார்ட்ரிட்ஜில் மொத்தக் கதிர்வீச்சை மட்டும் எண்ணியபோது, உண்மையில் இல்லாத அயோடின் இருப்பதுபோல் தெரிந்தது. அதன் பிறகு அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், விபத்து நேரத்தில் மந்த வாயுவுக்கு நடுவிலும் அயோடினைப் பிரித்தறியும் திறன் ஒவ்வோர் அணுமின் நிலையத்திலும் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வெள்ளி ஊட்டிய ஸியோலைட் (நுண்துளைக் கனிமம்) கார்ட்ரிட்ஜ் இதற்கு உதவும், அது அயோடினைப் பிடித்துச் செனானைப் பெரும்பாலும் விட்டுவிடும். விலை மிக அதிகம் என்பதால் உலைக்கு அருகே மேகம் கடக்கும்போது மட்டும் அதைப் பயன்படுத்துவது வழக்கம். கரியே கையில் இருந்தால், சாம்பிள் எடுத்த பின் சுத்தமான காற்றையோ நைட்ரஜனையோ சில நிமிடம் அதன் வழியே ஓட்டினால் செனான் பெருமளவு வெளியேறும். ஆற்றல் வாரியாகப் பிரிக்கும் கருவி இருந்தால் கவலை குறைவு. செனான்-133 விடும் காமாவின் ஆற்றல் 81 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அயோடின்-131 விடுவது 364. இனி இந்த ஆற்றல் அலகைக் கேஇவி என்றே எழுதுகிறேன்.

இனி இயந்திரம். இரண்டு வகை போதும். ஒன்று, 203-க்கு 254 மில்லிமீட்டர் கண்ணாடியிழை ஃபில்டர் பொருத்தும் ஹை வால்யூம் சாம்பிளர், நிமிடத்துக்கு ஒரு கன மீட்டருக்கு மேல் இழுக்கும். தூசிக்கு இது. மற்றொன்று, 47 அல்லது 60 மில்லிமீட்டர் ஃபில்டரும் அதன் பின்னால் கரியும் உள்ள சிறிய சாம்பிளர், நிமிடத்துக்கு 50 லிட்டர் அளவில். விபத்தின் முதல் மணி நேரங்களில் இரண்டாவதுதான் அதிகம் உழைக்கும். பேட்டரியிலோ வண்டியின் 12 வோல்ட்டிலோ ஓடுவதாக இருந்தால் மிக நல்லது. ஹை வால்யூம் சாம்பிளர்களில் பல, கார்பன் பிரஷ் உள்ள மோட்டாரில் ஓடுபவை. இரவும் பகலும் ஓடினால் பிரஷ் சில வாரங்களிலேயே தேய்ந்துவிடும், மாற்று பிரஷ் பெட்டியில் இருக்க வேண்டும்.

வைக்கும் இடம் பற்றி: காற்று இழுக்கும் வாய் மூச்சு மட்டத்தில், தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டரில். சுவர், மரம், வண்டி எதையும் ஒட்டி வைக்கக் கூடாது. மழை மூடி கட்டாயம், நனைந்த ஃபில்டர் கிழியும், ஓட்டமும் விழும். சாம்பிளரின் வெளியேற்று வாயைக் குழாய் போட்டுக் காற்று வீசிப்போகும் திசையில் தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே வடிகட்டிய காற்றையே திரும்ப இழுத்து, செறிவு குறைவாகத் தெரியும். ஜெனரேட்டரும் அப்படியே: அதன் புகை சாம்பிளருக்கு வந்தால் கரித்துகள் ஃபில்டரை அடைத்துவிடும். தரையில் ஏற்கெனவே படிவு இருந்தால், வெளியேற்றக் காற்று மண்ணைக் கிளப்பி அதே மண் ஃபில்டரில் ஏறும். அடியில் தார்ப்பாய் விரித்தால் போதும். ஆட்கள் அங்கேயே நிற்க வேண்டியதில்லை. இயந்திரத்தை ஓடவிட்டு, காற்றுக்குக் குறுக்கான திசையில் விலகிப்போய், நேரம் ஆனதும் முகக்கவசத்தோடும் டோஸ்மீட்டரோடும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு நேரம் இழுப்பது? ஓர் இடத்தைக் கதிரியக்க மேகம் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடக்கூடும். 24 மணி நேர சாம்பிளில் அது பன்னிரண்டில் ஒரு பங்காகக் கரைந்து தெரியும். எப்போது வந்தது என்பதும் தெரியாது. அதனால் வெளியேற்றம் நடக்கும் கட்டத்தில் 10 முதல் 20 நிமிட சாம்பிள்கள், பல இடங்களில், அடுத்தடுத்து. வெளியேற்றம் தணிந்த பிறகு 24 மணி நேரம், பிறகு ஒரு வாரம். நேரத்தை நீட்ட நீட்டக் கண்டறியும் திறன் கூடும், நிகழ்வின் உருவம் மங்கும்.

காற்றின் கனஅளவில் வரும் பிழை நேராக விடையில் வரும், இதைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். ஃபில்டர் தூசியால் அடைபட அடைபட ஓட்டம் குறையும். தொடக்க ஓட்டத்தை நேரத்தால் பெருக்கி எழுதினால் கனஅளவு மிகையாகி, செறிவு குறைவாக வரும். மொத்தக் கனஅளவைக் கூட்டிக்காட்டும் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தொடக்கத்திலும் முடிவிலும், நீண்ட சாம்பிளானால் இடையிலும் ஓட்டத்தை எழுதிச் சராசரி எடுக்க வேண்டும். ஓட்டத்தைக் காட்டும் மிதவை ரோட்டாமீட்டர் ஃபில்டருக்குப் பின்னால் இருந்தால், அங்கே அழுத்தம் குறைவு. அது காட்டும் எண்ணைத் திருத்தாமல் எழுதக் கூடாது. ஃபில்டரின் விளிம்பை அடைக்கும் கேஸ்கெட்டின் ஒழுகலைக் கண்ணாலேயே பிடிக்கலாம்: ஓடி முடித்த ஃபில்டரின் விளிம்பில் வெள்ளை ஓரமும் சாம்பல் நடுவும் கூர்மையான கோட்டில் பிரிந்திருக்க வேண்டும். கோடு மங்கலாக, ஒரு பக்கம் கசிந்ததுபோல் இருந்தால், காற்று ஃபில்டரைச் சுற்றி ஓடியிருக்கிறது. அந்தச் சாம்பிளைக் குறைந்தபட்ச மதிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்ளலாம்.

எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் புதுக் கையுறை. இடுக்கியால் எடுத்து, அழுக்குப் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, வழுவழுப்பான காகித உறையில் போட்டு, அதை இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் வைக்க வேண்டும். கார்ட்ரிட்ஜில் காற்று நுழைந்த பக்கத்தைக் குறித்தாக வேண்டும், பிறகு அது தேவைப்படும். உறையின் மேல் இடம், தொடக்க நேரம், முடிவு நேரம், எந்த நேர வலயம், இரு ஓட்ட எண்கள், சாம்பிளர் எண். ஜப்பான் நேரமா உலகப் பொது நேரமா என்று எழுதாமல் விட்டால் 9 மணி நேரக் குழப்பம் வரும், காற்றின் திசையோடு ஒப்பிடும்போது மொத்தமும் பொய்த்துப்போகும். ஒவ்வொரு சுற்றிலும் காற்று இழுக்காத வெற்று ஃபில்டர் ஒன்றும் வெற்றுக் கார்ட்ரிட்ஜ் ஒன்றும் அதே பயணத்தைச் செய்து திரும்ப வேண்டும். அவற்றில் ஏதாவது தெரிந்தால் அது கைப்பட்ட அழுக்கு.

எண்ணும் இடத்தில் முதலில் எதிர்ப்படுவது ரேடான். நிலத்திலிருந்து எப்போதும் வெளிவரும் இந்தக் கதிரியக்க வாயு சிதைந்து பிறக்கும் வழித்தோன்றல்கள் தூசியில் ஒட்டி, ஃபில்டரில் தாராளமாகச் சேரும். எந்த ஊரில், எந்த நாளில் காற்றை இழுத்தாலும், உடனே கைகர் கவுன்டரைக் காட்டினால் கிடுகிடுவென்று ஒலிக்கும். விபத்துச் செய்தி வந்த நாளில் இதைப் பார்த்துப் பதறுபவர்கள் நிறைய. சோதிக்கும் வழி எளிது: இப்போது எண்ணு, அரை மணி கழித்து எண்ணு, ஐந்து மணி கழித்து எண்ணு. ரேடான் வழித்தோன்றல்கள் ஏறத்தாழ அரை மணி முதல் முக்கால் மணியில் பாதியாகும், ஐந்து மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சுவது தோரான் (தோரியத்திலிருந்து வரும் ரேடான் வகை) வழி வரும் ஈயம்-212, அரை ஆயுள் 10.6 மணி நேரம். அது போக நான்கு நாளாகும். மோனசைட் மணல் உள்ள மணவாளக்குறிச்சி போன்ற கன்னியாகுமரிக் கடற்கரைப் பகுதியில் தோரியம் மிகுதி, அங்கே எடுக்கும் ஃபில்டரில் இந்த இரண்டாம் கட்டத்தை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். மழை பெய்யும்போது டோஸ் வீதம் கொஞ்ச நேரம் ஏறி இறங்குவதும் இதே ரேடான் கழுவப்பட்டு விழுவதால்தான். தானாக ஓடும் தூசி மானிட்டர்கள் ஆல்ஃபாவையும் பீட்டாவையும் சேர்த்து எண்ணி, இரண்டின் விகிதத்தைப் பார்க்கின்றன. ரேடானில் அந்த விகிதம் பெரிதாக மாறாது. அயோடின், சீசியம் வந்தால் பீட்டா மட்டும் கூடும்.

எந்தத் தனிமம் என்று சொல்லக் காமா நிறமாலை, அதாவது காமா கதிர்களை ஆற்றல் வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடம், வேண்டும். ஒவ்வொரு காமா ஆற்றலும் அதில் ஒரு முகடாக எழும். களத்தில் கையில் எடுத்துப் போகக்கூடியது சோடியம் அயோடைடு கருவி. சீசியத்தின் 662 கேஇவி-யில் அதன் பிரிதிறன் சுமார் 7 விழுக்காடு, அதாவது 46 கேஇவி அகலம். இந்த அகலத்தில் மூன்று பொறிகள் இருக்கின்றன. ரேடான் வழி வரும் ஈயம்-214 தரும் 352, அயோடின்-131-இன் 364-ஓடு ஒன்றாகிவிடும். பிஸ்மத்-214 தரும் 609, சீசியம்-134-இன் 605-ஓடு ஒன்றாகும். முதல் வாரத்தில் டெல்லூரியம்-132-இலிருந்து பிறக்கும் அயோடின்-132 தரும் 668, சீசியம்-137-இன் 662-ஓடு ஒன்றாகும். மூன்றாவது மிக மோசம், ஏனென்றால் இரண்டுமே செயற்கை, காத்திருந்து விரட்டச் சில வாரமாகும். சோடியம் அயோடைடில் முதல் வாரம் கண்ட சீசியம்-137 எண் எதையும், டெல்லூரியத்தின் 228 கேஇவி முகடும் அயோடின்-132-இன் 773 முகடும் இருக்கின்றனவா என்று பார்க்காமல் நம்பக் கூடாது. உயர்தூய ஜெர்மானியம் கருவியில் இந்த முகடுகள் ஒன்றரை, இரண்டு கேஇவி அகலத்தில் நிற்கும், எல்லாம் தனித்தனியாகத் தெரியும். ஆனால் அதைத் திரவ நைட்ரஜனிலோ மின்குளிர்ப்பியிலோ குளிர்வித்தே வைத்திருக்க வேண்டும். மின்வெட்டு நாட்களில் அதுவே ஒரு தனிப் பாடு.

கணக்கு ஒன்று போடலாம். நிமிடத்துக்கு 50 லிட்டரில் 20 நிமிடம் இழுத்தால் சரியாக 1 கன மீட்டர். கார்ட்ரிட்ஜை 600 விநாடி எண்ணியதில் 364 முகட்டில் பின்னணி போக 600 எண்ணிக்கை, அதாவது விநாடிக்கு 1. அந்த வடிவமைப்பில் கருவியின் திறன் 0.04, அதாவது வெளிவரும் காமாவில் நூற்றுக்கு நான்கு முகட்டில் பதியும் என்று வைத்துக்கொள்வோம். அயோடின்-131 சிதையும்போது 364 வெளிவரும் வாய்ப்பு 0.815. ஒன்றை இந்த இரண்டின் பெருக்கலால் வகுத்தால் 30.7 பெக்கரல். கரியின் பிடிப்புத் திறன் 0.95 என்றால் 32.3. சாம்பிள் எடுத்து 6 மணி நேரம் கழித்து எண்ணியிருந்தால் சிதைவுக்காக 1.022-ஆல் பெருக்க வேண்டும்: கன மீட்டருக்கு 33 பெக்கரல். அந்தக் காற்றை ஒரு முழு நாள் மூச்சுவிட்டால், நாளுக்கு 22 கன மீட்டர் இழுக்கும் பெரியவருக்கு, எல்லாம் ஆவி வடிவம் என்று கொண்டால், 14.5 மைக்ரோ சீவர்ட். நாளுக்கு 5.2 கன மீட்டர் இழுக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கு 27. தைராய்டு சுரப்பிக்கு மட்டும் சேரும் டோஸ் இந்த எண்களைப்போல் சுமார் 20 மடங்கு.

இதில் ஒளிந்திருக்கும் பெரிய பிழை, கார்ட்ரிட்ஜுக்குள் அயோடின் எங்கே தங்கியிருக்கிறது என்பதில் வருவது. தனிம அயோடின் காற்று நுழையும் முகத்திலேயே தங்கும், மீத்தைல் அயோடைடு உள்ளே ஆழம் வரை போகும். கருவியை அளவீடு செய்யும்போது கரி முழுக்கச் சீராகப் பரவிய மூலத்தை வைத்திருந்து, உண்மைச் சாம்பிளில் எல்லாம் முன்முகத்தில் இருந்தால், அந்த முகம் கருவியை நோக்கியிருக்கும்போது எண் மிகையாகும். இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி எண்ணிச் சராசரி எடுத்தால் பிழை பெருமளவு அடங்கும். இரு பக்க எண்களின் விகிதமே அயோடின் எந்த வடிவம் என்பதற்கு ஒரு குறிப்பும் தரும். முகத்தைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

உலைக்கு அருகே எடுத்த சாம்பிள் அளவுக்கு மீறிச் 'சூடாக', அதாவது கதிரியக்கம் மிகுந்து இருக்கும். கருவியின் மீது நேராக வைத்தால் அது எண்ணித் தீர்க்க முடியாமல் திணறும். 10 அல்லது 25 சென்டிமீட்டர் தள்ளிவைத்து எண்ண வேண்டும், அந்தத் தொலைவுகளுக்கும் திறன் அளவீடு முன்பே செய்திருக்க வேண்டும். தள்ளிவைப்பதில் இன்னொரு நன்மை: சீசியம்-134 ஒரே சிதைவில் 605, 796 என்று இரண்டு காமாக்களை ஒன்றாக விடும். ஒட்டிவைத்தால் இரண்டும் சேர்ந்து 1401-இல் ஒரே எண்ணாகப் பதிந்து, தனி முகடுகள் குறையும், சீசியம்-134 உண்மையைவிடக் குறைவாக வரும். அயோடின்-132-இலும் இதே கதை. சீசியம்-137-க்கு இந்தத் தொல்லை இல்லை. அதனால் ஒட்டிவைத்து எண்ணி, திருத்தம் செய்யாமல் விட்டால் இரண்டு சீசியத்தின் விகிதமே தவறிவிடும்.

அந்த விகிதம் முக்கியமானது. ஃபுகுஷிமாவில் சீசியம்-134-ம் 137-ம் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று. 1986 செர்னோபிலில் பாதிக்கு ஒன்று. சீசியம்-134-இன் அரை ஆயுள் 2 ஆண்டுதான், அதனால் காற்றில் சீசியம்-137 மட்டும் தெரிந்தால் பழைய மண் புழுதியாக எழுந்திருக்கலாம். 134-ம் நல்ல அளவில் தெரிந்தால் புதியது. 2017 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் ஐரோப்பா முழுக்க ரூத்தேனியம்-106 தெரிந்தது, கூடவே சீசியமோ அயோடினோ வரவில்லை. ஓர் உலை வெடித்திருந்தால் அப்படித் தனியாக வராது என்பதால்தான், எரிந்த எரிபொருளை மறுசுழற்சி செய்யும் இடத்தை நோக்கிச் சந்தேகம் திரும்பியது.

உலகளாவிய வலையமைப்பும் ஒன்று இருக்கிறது. விரிவான அணுச்சோதனைத் தடை ஒப்பந்த அமைப்பு 80 கதிரியக்க நிலையங்களைத் திட்டமிட்டது, அவற்றில் 40-இல் செனான் அளவீடும் உண்டு. ஒவ்வொன்றும் மணிக்குக் குறைந்தது 500 கன மீட்டர் காற்றை 24 மணி நேரம் இழுத்து, ரேடான் அடங்க 24 மணி நேரம் விட்டு, அடுத்த 24 மணி நேரம் எண்ணும். கன மீட்டருக்குச் சில மைக்ரோ பெக்கரல் வரை அதற்குத் தெரியும். அதன் ஜப்பான் நிலையமான தகாசாகி, ஃபுகுஷிமா உலையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அங்கேயே 2011 மார்ச் நடுவில் வந்த மேகம் நிலையத்தின் உட்புறத்தையே அசுத்தப்படுத்தி, பிறகு எடுத்த சாம்பிள்களிலும் அந்தப் பழைய கறை கலந்து தெரிந்தது. அவ்வளவு நுட்பமான கருவி தூரத்துக்கு உரியது. அருகில் வேண்டியது எளிய, கழுவக்கூடிய, பலவாக வாங்கக்கூடிய கருவி. மேலும் அந்த வலையமைப்பின் ஃபில்டர்கள் தூசியை மட்டுமே பிடிப்பவை, வாயு அயோடின் அவற்றில் இல்லை.

அசுத்தம் எல்லா ஆய்வகத்துக்கும் வரும். சுத்தமான சாம்பிளை முதலில், சூடானதைக் கடைசியில் எண்ண வேண்டும், முடிந்தால் இரண்டுக்கும் தனித்தனிக் கருவி. கருவியின் தலையில் மெல்லிய பிளாஸ்டிக் சுற்றி, அடிக்கடி மாற்ற வேண்டும். மேகம் ஆய்வகத்தின் மேலேயே வந்தால் செனான் ஈயக் கவசத்துக்குள்ளும் புகும். திரவ நைட்ரஜன் ஆவியாகும் வாயுவைக் கவசத்துக்குள் விட்டால் அதை வெளியே தள்ளிவிடலாம். பின்னணி எண்ணிக்கையை வாரம் ஒருமுறை எடுக்கும் பழக்கத்தை அந்த நாட்களில் தினமும் என்று மாற்ற வேண்டும்.

எதுவும் தெரியாவிட்டால் 'கண்டறியப்படவில்லை' என்று மட்டும் எழுதுவது போதாது. எவ்வளவு இருந்தால் தெரிந்திருக்கும் என்பதையும் எழுத வேண்டும். மேலே சொன்ன அதே உதாரணத்தில் 364 பகுதியில் பின்னணி 400 எண்ணிக்கை என்று கொண்டால், வழக்கமான சூத்திரம் 2.71 கூட்டல் 4.65 பெருக்கல் 400-இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 96 எண்ணிக்கை. அதைச் செறிவாக மாற்றினால் கன மீட்டருக்கு 5 பெக்கரல். அதற்குக் கீழே இருந்த எதுவும் அந்த 20 நிமிடச் சாம்பிளுக்குத் தெரிந்திருக்காது. அதே பம்ப்பை 24 மணி நேரம் ஓட்டி, 10 மணி நேரம் எண்ணினால் 0.009 பெக்கரல் வரை தெரியும். இரண்டு அறிக்கையிலும் 'கண்டறியப்படவில்லை' என்றே இருக்கும், பொருளோ 500 மடங்குக்கு மேல் வேறு.

கடைசியாக, எண்ணி முடித்த ஃபில்டர்கள். ஜப்பானில் சாதாரணக் காற்று மாசு நிலையங்கள், தூசியை அளக்க ஒரு நாடா போன்ற ஃபில்டரை மணிக்கு ஒருமுறை நகர்த்திக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு புள்ளியிலும் மணிக்குச் சுமார் 1 கன மீட்டர் காற்றின் தூசி. அவை கதிரியக்கத்துக்காக வைக்கப்பட்டவையே அல்ல. தூக்கிப்போடாமல் வைத்திருந்த அந்த நாடாக்களைப் பிறகு ஆய்வாளர்கள் புள்ளி புள்ளியாக ஜெர்மானியம் கருவியில் வைத்து, 2014-இல் முதலில் 40 இடங்களுக்கும், அடுத்த ஆண்டு 99 இடங்களுக்கும், மணி வாரியாகச் சீசியம்-137 செறிவை வெளியிட்டார்கள். மார்ச் 15, மார்ச் 20, 21 தேதிகளில் மேகம் டோக்கியோவைச் சுற்றியுள்ள கான்டோ சமவெளியை எப்படிக் கடந்தது என்பது அதில்தான் தெளிவாகத் தெரிந்தது. அயோடின்-131 அதற்குள் அழிந்துவிட்டது. 1.57 கோடி ஆண்டு அரை ஆயுள் உள்ள அயோடின்-129-ஐ அதே புள்ளிகளிலிருந்து பிரித்து, அணுக்களையே எண்ணும் முடுக்கி நிறமாலைமானியில் எண்ணி, 131-ஐ மறுபடி கணக்கிட்டார்கள். அதுவும் தூசியில் இருந்த பங்குக்கு மட்டும். டோக்கியோவுக்கு வடகிழக்கே உள்ள ட்சுகுபாவில் மார்ச் 14, 15-இல் எடுத்த ஃபில்டர்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, சில மைக்ரோமீட்டர் விட்டமுள்ள, நீரில் கரையாத சீசியம் உருண்டைகள் கிடைத்தன. அது 2013-இல் வெளிவந்த செய்தி, அதுவரை சீசியம் எளிதில் கரையும் தூசியாகவே வந்தது என்றுதான் எல்லோரும் கணக்குப் போட்டிருந்தார்கள்.

அதனால் ஃபில்டரை எரிக்கவோ அமிலத்தில் கரைக்கவோ அவசரப்பட வேண்டாம். கரைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஸ்ட்ரான்சியம்-90, புளூட்டோனியம் பார்க்க, பாதியை வெட்டி மறுபாதியை அப்படியே வைக்கலாம். தட்டையாக, தனித்தனி உறையில், ஈரமில்லாத இடத்தில், முதலில் எழுதிய அதே சீட்டோடு. கரி கார்ட்ரிட்ஜை மூடி ஒட்டிய பையில். பதிவேட்டின் நகல் வேறொரு கட்டடத்தில்.